ஒன்பது எழுத்தில் நீங்கள் ஜெயித்த நாட்கள்

திருவண்ணாமலை,
வியாழக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு மெஹ்ஜபீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் நம் மகள் மெஹ்விஷும் மாமியும் நலம். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். பேசும்போதெல்லாம் மகன் முகத்தைப் பார்க்க மாமி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதுவும் போக, நான் எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்புவதில் நீங்கள் கெட்டிக்காரர். காகிதத்திடம் சிரித்து மழுப்ப முடியாது. அதனால்தான் லீவு முடிந்து சவூதிக்கு, தம்மாமுக்குத் திரும்பும் உங்கள் அறைத் தம்பி சாகிலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பையில் எலுமிச்சை ஊறுகாயும், கீழ்பென்னாத்தூரிலிருந்து வாங்கி வறுத்த மல்லாட்டைக் கடலை இரண்டு கிலோவும் இருக்கின்றன. அறையில் எல்லாருக்கும் கொடுங்கள். உங்களுக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், வள்ளலே.

மாமிக்கு முட்டி வலி கம்மி. மெஹ்விஷ் இப்போது பள்ளிக்குச் சைக்கிளில் போகிறாள். எங்கள் விடுதியில் போன பௌர்ணமிக்கு ஓர் அறை காலியில்லை. செங்கம் ரோடு முழுக்கக் கூட்டம். ரிசப்ஷனில் சாவி கொடுத்துக் கொடுத்தே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் விளையாட்டைப் பற்றித்தான்.

விடுதிக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரில் ஒன்பது எழுத்துக் கட்டம் ஒன்று வரும். நடுவில் இருக்கிற எழுத்து கட்டாயம் வர வேண்டும், எவ்வளவு நீளமான சொல் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு கெட்டி. உங்களுக்கு சூப்பர்வைசர் வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும் என்றுதான் இரண்டு வருஷத்துக்கு முன் ஆரம்பித்தோம். காலையில் நான் போட்டோ எடுத்து அனுப்புவேன். நீங்கள் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கப் போகும் முன் நாலெழுத்தோ ஐந்தெழுத்தோ அனுப்புவீர்கள். தினமும் ஜெயித்தவள் நான்தான். தமிழ் மீடியத்தில் படித்தவள் என்று என்னைக் கேலி செய்த உங்கள் வாயை அடைத்ததில் எனக்கு ஏகப் பெருமை.

இந்த மூன்றரை வாரமாக ஜெயிப்பது நீங்கள். ஒருநாள் நடுவில் ஜி. மண்டையைக் குடைந்து ‘கிரீன்ஸ்’ என்று ஆறெழுத்து பிடித்தேன். நீங்கள் ஒன்பதையும் சேர்த்து ‘பாசஞ்சர்’ என்று அனுப்பினீர்கள். இன்னொரு நாள் நடுவில் பி. நான் ‘பேரண்ட்’ என்றேன். நீங்கள் ‘கார்பென்டர்’ என்றீர்கள். முதல் இரண்டு நாள் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினேன். மூன்றாம் நாள்தான் நேரத்தைப் பார்த்தேன். இங்கே பகல் பதினொன்று. அங்கே எட்டரை. ஏசி மெக்கானிக் ஏணி மேல் இருக்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் ஒரு மனுஷன் ஒன்பது எழுத்தை உருட்டிக்கொண்டு கிடக்கிறான் என்றால், அவனுக்குச் செய்ய வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. போன் பேசினால் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பவர் நீங்கள். இப்போது எப்போது பார்த்தாலும் அதே தலையணை, அதே பச்சைச் சுவர், கழுத்துக்கு மேல் மட்டும் முகம்.

நேற்று சாயங்காலம் சாகில் சொல்லிவிட்டுப் போக வந்தான். நல்லா இருக்காரா என்று கேட்டால் நல்லா இருக்கார் என்றுதான் சொல்வான், பாடம் நடத்தி அனுப்பியிருப்பீர்கள். அதனால் மாமி தொழுகைக்குப் போனதும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, “எந்தக் கால், சாகில்?” என்று மட்டும் கேட்டேன்.

“வலது கால், பாபி. ராடு வச்சிருக்காங்க. முபின் பாய் சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிட்டாரு” என்று உங்களையே காட்டிக்கொடுத்தான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டான். அவனைத் திட்டாதீர்கள். ஏணி சறுக்கியது, ஆபரேஷன் நடந்தது, இன்னும் ஒன்றரை மாதம் காலை ஊன்றக்கூடாது என்பது எல்லாவற்றையும் நான்தான் கிளறிக் கிளறி வாங்கினேன்.

எனக்குக் கோபம். இல்லை என்று எழுதினால் அது பொய். ஆபரேஷன் நடந்த அன்றும் நீங்கள் என்னிடம் ஆம்பூர் பிரியாணி பற்றிப் பேசியிருக்கிறீர்கள். அவ்வளவு அழகாகப் பொய் சொல்லத் தெரிந்தவருக்குத் தோற்கிற மாதிரி நடிக்கத் தெரியவில்லையே. ஒரு நாலெழுத்து அனுப்பியிருந்தால் நான் இன்றைக்கும் நிம்மதியாகச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பேன். நினைத்தால் பயமாக இருக்கிறது. யார் உங்களைப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்ததும், துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. பக்குவமாக நானே சொல்கிறேன், அந்தக் கவலையை என்னிடம் விடுங்கள். கால் ஊன்ற முடிந்ததும் லீவு போட்டு வாருங்கள். மிச்சத்தை இங்கே தேற்றிக்கொள்ளலாம். வர முடியாது என்றால் அதையாவது உண்மையாகச் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்களுக்குப் பூரண சுகம் தருவானாக. உங்களைத் தாங்கிப் பிடிக்கிற அந்த அறை நண்பர்களின் கைகளுக்கும் பரக்கத் தருவானாக. ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

ஒரே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்த அன்று கூப்பிடும்போது, போனை முகத்திலிருந்து கீழே திருப்பி எனக்கு அந்தக் காலைக் காட்டுங்கள். நான் அழுவேன். அழட்டும் என்று விட்டுவிடுங்கள். போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
மெஹ்ஜபீன்