வாழ்த்துகளில் உன் ழகரம்

அன்று நான் சொல்லாமல் விட்டது நான்கே சொற்கள்: “இது இவளுடைய கையெழுத்து, மேடம்.”

இன்று காலை, நான் இப்போது வேலை செய்யும் கந்தோருக்கு யாரோ பிறந்தநாள் கேக் கொண்டுவந்தார்கள். பெட்டியின் மூடியில் ‘வாழ்த்துகள்’ என்று இருந்தது. ழகரத்தின் வால் கீழே இறங்கி, சுருண்டு, அடுத்த எழுத்தின் காலைப் பிடித்து இழுத்தது. உன்னைத் தவிர யாரும் அப்படி ழ எழுதி நான் பார்த்ததில்லை. மூடியைக் கவிழ்த்து வைத்தேன்.

வெள்ளவத்தை அச்சகத்தில் உனக்கு முன்மேசை, எனக்குக் கணினி. ஓர்டர் உறைகளின் மேல் நீ குறிப்பு எழுதுவாய்: ‘கலியாண கார்ட். மாப்பிள்ளையின் பெயரில் பிழை விட்டால் பொம்பிளை ஓடிவிடுவாள்.’ எழுத்துகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு மத்தியானம் கட்டத்தாள்களை நீட்டி, அகரத்திலிருந்து எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னேன்.

“எல்லாமோ? விசரி, கை கழண்டிடும். என்ன தருவாய்?”

“ரெண்டு ரோல்ஸ்.”

“மீன் ரோல்ஸ் எண்டால் எழுதுறன்.”

மூன்று நாள் எழுதினாய். நான் ஸ்கேன் செய்து, ஓரங்களைத் திருத்தி, எழுத்துருவாக்கினேன். அந்த உழைப்பு என்னுடையதுதான் என்று எனக்குள் ஒரு குரல் இன்றும் வாதாடும். ஆனால் ஒரு வளைவைக்கூட நான் வரையவில்லை.

கொட்டாஞ்சேனை கேக் கடைக்காரம்மா தன் பெட்டிக்கு அதையே எடுத்தார். “என்ன வடிவு! ஆரின்ட கையெழுத்து பிள்ளை?” என்றார். பக்கத்தில் நீ நின்றாய். என்னை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்த முதலாளியும் நின்றார். நான் திரையைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய்.

“இவதான் செய்தது, மேடம். கெட்டிக்காரி” என்றாய்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் நீ, “என்ட ழ கேக் பெட்டியில ஏறிட்டுது, நான் இன்னும் ரோல்ஸைக் காணேல்லை” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். நாளை எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என் வேலை நிரந்தரமானது. எழுத்துருவுக்கு முதலாளி என் பெயரையே வைத்தார். அது சிறுவர் புத்தகங்களுக்கும் ஐஸ்கிறீம் வண்டிக்கும் போனது. பிறகு உனக்கு டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க உன் அண்ணா வந்தார். எழுத்து மாதிரிகளைப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“அண்ணா, அது கேக்குக்கும் பேர்த்டே கார்ட்டுக்கும் போடுற எழுத்து. விளையாட்டு மாதிரி இருக்கும்.”

“அவளும் அப்பிடித்தானே. அவளின்ட எழுத்து மாதிரியே கிடக்கு. ஆர் செய்தது?”

உன் கட்டத்தாள்கள் என் மேசை லாச்சியில் இருந்தன. வேலை மாறிய பிறகும் அவற்றைக் கொண்டு திரிகிறேன்.

“நான்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அட்டையில் உன் பெயர் அந்த எழுத்திலேயே அச்சாகியது.