மூன்று மில்லிமீட்டர்

சட்டைப் பெட்டியைத் திறந்ததும் வெள்ளைப் பசையின் வாடை முகத்தில் அடித்தது. அழுகை வரவில்லையடா, கோபம்தான் வந்தது. "கடைய காலி பண்றோம் அண்ணே, இதுல உங்க பேரு எழுதியிருந்துச்சு" என்று சொல்லி, உன் வீட்டுக்காரி தேக்கா கடையிலிருந்து ஆங் மோ கியோவில் என் வீடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்மேல் எனக்கிருக்கும் கோபத்துக்கு எட்டு மாத வயது.

நம் சண்டைக்குக் காரணமான அந்தக் காரை நாம் முதலில் பார்த்தது பள்ளிக்கூட நூலகத்தில், ஒரு புத்தகப் படத்தில். உப்புப் பாலைவனத்தில் உலகத்திலேயே வேகமாக ஓடிய பழைய கார். மீன் மூக்கு, பின்னால் ஒற்றைத் துடுப்பு. ஒரே புத்தகத்தை இருவரும் இழுத்துப் பிடித்ததில் அட்டை கிழிந்து, பிரம்படி எனக்கு மட்டும் விழுந்தது. அதே காரைக் காகிதத்தில் செய்யும் வரைபடம் இணையத்தில் கிடைத்திருக்கிறது என்று ஐம்பத்தெட்டு வயதில் நீ போன் செய்தாய். பதினெட்டுத் தாள். முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. உன் தாள்களை நீ உன் தையல் கடைக்குப் பக்கத்தில் அச்செடுத்தாய், நான் பஸ் டிப்போ அலுவலகத்தில் எடுத்தேன்.

"மொதல்ல கோட்ட அள. அப்புறம்தான் கத்தரி" என்றாய். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சின்னக் கோடு இருக்கும். அச்சில் அது சரியாகப் பத்து சென்டிமீட்டர் வரவேண்டும். தையல்காரன் புத்தி எங்கே போகும் என்று சிரித்தேன். முப்பது வருஷம் பஸ் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவனுக்கு இவன் அளவு சொல்லித்தருகிறானாம்.

மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோடுகளைக் கீறி, வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரியாமல் நீலம் தீட்டி, மூன்று மாதம் உயிரைக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், தேக்கா சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பாதியையும் சேர்த்தோம். சேரவில்லை. என் பாதி உன் பாதிக்குள்ளே லொடலொடவென்று ஆடியது. மூன்று மில்லிமீட்டர் இடைவெளி.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் ஆயிற்றே. "கால்சட்ட நீளம் கொறைக்கிற கைக்கு இதெல்லாம் எங்கடா வரும்?" என்று கத்தினேன். பக்கத்து மேசையில் உன் வாடிக்கைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், தலையைக் குனிந்துகொண்டார். நீ கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, என் கோப்பிலிருந்த மிச்சத் தாளில் எதையோ அளந்தாய். பிறகு டேப்பைச் சுருட்டினாய்.

"சரி விடு. நான் பாத்துக்குறேன்லா" என்றாய். இரண்டு பாதியையும் என் கோப்பையும் நீயே எடுத்துக்கொண்டு போனாய்.

தப்பை ஒப்புக்கொள்கிறாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் தேக்கா பக்கமே வரவில்லை. நீ மூன்று தடவை போன் செய்தாய். மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று மூன்று தடவையும் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவதாக வந்த செய்தி உன்னிடமிருந்து வரவில்லை. பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், யாரோ ஒருவனின் காலை வணக்கப் பூவுக்குக் கீழே வந்தது. மாரடைப்பாம், தையல் மிஷினிலேயே சாய்ந்துவிட்டாயாம்.

இப்போது பெட்டிக்குள் முழுக் கார் இருக்கிறது. என் பின்பாதியும் உன் முன்பாதியும் ஒட்டிக் கிடக்கின்றன. நகத்தால் தடவிப் பார்த்தேன், இணைப்பே தெரியவில்லை. அடியில் உன் பழைய முன்பாதி, தட்டையாக மடங்கி. அதற்கும் அடியில் என் டிப்போ தாள். மூலைக் கோட்டுக்குப் பக்கத்தில் உன் பென்சில் எழுத்து: 9.7.

ஸ்கேலைத் தேடி எடுத்து அளந்தேன். ஒன்பது புள்ளி ஏழுதான். டிப்போ மிஷின் படத்தைத் தாளுக்குள் அடக்குவதற்காகச் சுருக்கி அடித்திருக்கிறது. என் பாதி முழுக்கவே சிறிது. தப்பு என்னுடையது. அன்று மேசையிலேயே உனக்கு அது தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் ஏன்டா வாயைத் திறக்கவில்லை? ஆள் நடுவில் என்னைத் திருப்பித் திட்ட உனக்கு உரிமை இருந்தது. ஒரே வார்த்தை, "நீ அளக்கல" என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரம் முறைத்துவிட்டு இன்னொரு தே சொல்லியிருப்பேன். அதை விட்டுவிட்டு, உன் சரியான பாதியைக் கழற்றி வைத்து, ஒன்பது தாளையும் என் தப்பான அளவுக்கே மறுபடி அச்செடுத்து, மறுபடி வெட்டி ஒட்டியிருக்கிறாய். துணியைத்தான் ஆளுக்குத் தகுந்தபடி பிடிக்கணும், ஆளைத் துணிக்குத் தகுந்தபடி வெட்ட முடியாது என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வாயே. நான் என்ன உன் வாடிக்கைக்காரனா? எட்டு மாதம் என்னை முட்டாளாகத் திரியவிட்டாயே, பாவி. போனையாவது எடுத்திருக்கலாம் நான். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

காருக்குச் சக்கரம் இல்லை. சக்கரத் தாளை வெட்டாமல் எனக்காக விட்டு வைத்திருக்கிறாய், கூடவே உன் டேப்பையும். இன்று காலை அந்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முதல்முறையாக, வெட்டுவதற்கு முன்னால் கோட்டை அளந்தேன். அதுவும் ஒன்பது புள்ளி ஏழு.

தப்பான அளவு. அதிலேயே வெட்டினேன்.