சாமி வரும் தெருவில் ஏணி

செவ்வாய். காற்று நின்றது. தூறல் நிற்கவில்லை.

புயலில் வேப்பங்கிளை முறிந்து தெருப்பக்கத்து அறைக்கு மேல். ஓடு பாதி நொறுங்கல். பிரசவித்து வந்திருக்கும் மகள் சுமதியின் அறை. அவளையும் பாப்பாவையும் கூடத்துக்கு மாற்றினோம். அங்கேயும் ஒழுகல். தூளியை இங்கே கட்டு, அங்கே கட்டு.

மேஸ்திரிக்குப் போன். வந்துக்கினே இருக்கேன் என்கிறார். எங்கிருந்து என்று சொல்லவில்லை.

லைன்மேனாக இருந்த காலமெல்லாம் கரன்ட் கம்பத்திலேயே குடியிருந்தவன் நான். இப்போது நெஞ்சில் ஆபரேஷன், ஏணியைத் தொடக் கூடாதாம். இந்தக் கூரை ஒரு உயரமா?

புதன். மழை விட்டது. வெயிலும் இல்லை.

மேஸ்திரி வரவில்லை. தார்ப்பாய், கயிறு வாங்கியாயிற்று. மாத்திரை மறந்துவிட்டேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடை. தெருமுனைக் கம்பத்தில் லைன் இழுக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

மத்தியானம் மல்லிகா கண்ணயர்ந்த நேரம் ஏணியைத் தேடினேன். இல்லை. காலையிலேயே பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாளாம். பெண்டாட்டியா, போலீஸா? சாப்பிடும்போது பேசவில்லை. ரசம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

புயலால் தள்ளிப்போன சாமி புறப்பாடு நாளை, நம் தெரு வழியாக. சாமி வரும்போது யாரும் அதற்கு மேலே நிற்கக் கூடாது. போன வருஷம் மாடியில் செல்போனோடு நின்ற பையன்களைச் சத்தம் போட்டு இறக்கியது நான்தான்.

டிவியில் மறுபடி மழை என்கிறான்.

வியாழன். விடியும்போதே கருமேகம்.

பாப்பாவுக்கு ஜுரம். மேஸ்திரி போனையே எடுக்கவில்லை.

சாயங்காலம் மல்லிகாவே ஏணியைத் தூக்கி வந்து தெருப்பக்கம் சாத்தினாள். எனக்குத்தான் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். அவள் புடவையை இழுத்துச் செருகி, தார்ப்பாயோடு ஏறிவிட்டாள்.

"நீங்க ஏணிய புடிச்சிக்கினு நில்லுங்க. அது போதும்."

மேலே ஓடு ஒன்று கடக் என்றது. கட்டை மேல் காலை வை என்று கத்தினேன். கம்பத்தின் மேல் ஒரு நாளும் வராத பயம்.

அந்த நேரம் பார்த்து மேளச் சத்தம். சாமி தெரு திரும்பிவிட்டது. முன்னால் வந்தவர் இறங்கச் சொல்லிக் கை காட்டினார். தெருவே அண்ணாந்து பார்த்தது. போன வருஷத்துப் பையன்களும். கடைசி மூலை இன்னும் கட்டவில்லை. என் கையில் முதல் தூறல்.

"கொஞ்சம் நில்லுங்கப்பா. ஒரு முடிச்சு பாக்கி இருக்குது. உள்ள கைக்கொழந்த."

சொன்னது நான்தான்.

சாமியைத் தூக்கி வந்தவர்கள் தண்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றார்கள். மேளம் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. சாமி நின்றது.

இறங்கி வந்தவள் அழுக்குக் கையோடே தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கும்பிடவில்லை. ஏணியை விட்டுக் கை வரவில்லை.

இப்போது நல்ல மழை. அறையில் ஒரு சொட்டு இல்லை. பாப்பா தூங்குகிறது, ஜுரம் இறங்கியிருக்கிறது. மல்லிகா காப்பி கொண்டுவந்தாள். என் கையில் டம்ளர் ஆடுவதைப் பார்த்தாள். இன்னும் நடுங்குதா என்றாள். ஆமாம் என்றேன்.

"எனக்கு நீங்க ரிட்டையர் ஆன அன்னிக்குத்தான் நின்னுச்சு."