நக்கோ என்றொரு வாட்ச்

கீழ்வீட்டு மாமாவுக்கு இன்று காலை கூரியரில் ஒரு பெட்டி வந்தது. டேப்பைப் பிரிக்க முடியவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி மூடியைத் திறந்தேன். பசையும் மட்டமான வெல்வெட்டும் ரப்பரும் கலந்த அந்த வாடை குப்பென்று அடித்தது. உள்ளே மஞ்சள் மஞ்சளாக மின்னிக்கொண்டு ஒரு வாட்ச். மாமா ஆசையாய்க் கையில் கட்டிக்கொண்டு, டிவியில் பார்த்து வாங்கியது, எப்படியிருக்கிறது என்று கேட்டார். மணி சரியாகக் காட்டுகிறது மாமா என்றேன். அவருக்கு அது போதும். சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அடுப்பு வேலை ஓடவில்லை. உன் நினைப்புதான்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால், "கைக்கு? எதுக்கு கடிதாசி? போன்ல சொன்னா ஆகாதா?" என்று கேட்டிருப்பாய். போனில் சொல்ல முடியாத இடத்துக்கு நீ போய்விட்டதால்தான் எழுதுகிறேன்.

செகந்திராபாத்தில் நாம் வேலை பார்த்த அந்த ஆபீஸில் இந்த வாடைதான் எப்போதும் இருக்கும். நம் இருக்கைக்குப் பின்னால் சாம்பிள் வாட்ச்சுகளை அடுக்கிவைத்த அலமாரி. டிவியில் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்க போன் பண்ணுகிறவர்களிடம் பேசுவது நம் வேலை. நடு ஹாலில் தெலுங்கு, ஹிந்தி, கன்னடம் எல்லாம் வரிசையாய் உட்கார்ந்திருக்க, தண்ணீர் டிரம் பக்கத்து மூலையில் தமிழ். நான் அப்போது குஷாய்குடாவிலிருந்து பஸ் பிடித்து வருவேன். திருநெல்வேலியை விட்டு வந்த புதிது, வாயைத் திறந்தால் தமிழைத் தவிர ஒன்றும் வராது. நீயோ கொள்ளுத் தாத்தா பட்டாளத்தோடு வந்த நாளிலிருந்து செகந்திராபாத். முதல் நாள் உன் பக்கத்து நாற்காலி காலிதானா என்று கேட்டேன். "ஹவ்" என்றாய். எப்படி என்று ஏதோ இங்கிலீஷில் கேட்கிறாய் போல என்று நினைத்து, பஸ்ஸில் வந்தேன் என்று பதில் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் தெலுங்குக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஹவ் என்றால் ஆமாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து என் பெயர் உனக்குத் திருநெல்வேலி.

சுவரில் நம் சானல் ஓடிக்கொண்டே இருக்கும். கோட்டு போட்ட ஒருவன் மூச்சு வாங்க வாங்கக் கத்துவான். பெரிய விலையை அடித்துவிட்டு அதன் கீழே சின்ன விலை போட்டிருக்கும். ஓரத்தில் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வரும், அது முடிந்தால் ஆஃபரும் முடிந்ததாம். வந்த புதிதில் எனக்கே படபடப்பாக இருந்தது. வீட்டுக்காரருக்கு ஒன்று வாங்கிவிடலாமா என்று உன்னிடம் கேட்டேன். நக்கோ என்று ஒரே வார்த்தையில் தடுத்தாய். வேண்டாம் என்பதைக்கூட உங்கள் ஊரில் எவ்வளவு செல்லமாய்ச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். விளம்பரம் போய்த் திரும்பி வந்ததும் அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து குறைய ஆரம்பித்தது. நீ தலையைத் திருப்பாமலே சொன்னாய்: "நம்ம கம்பெனில ஒழுங்கா ஓடுற கடிகாரம் அது ஒண்ணுதான். அதுவும் பின்னாடி ஓடுது."

நமக்கு எழுதிக் கொடுத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைதான் உண்மை. 'தங்க நிறக் கடிகாரம்' என்பதில் வருகிற நிறம். தங்கத்தை அழுத்திச் சொல்லி, நிறத்தை விழுங்கிவிட வேண்டும் என்பது பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தது. எல்லோரும் விழுங்கினார்கள். நீ மட்டும் தங்கத்தை விழுங்கிவிட்டு நிறத்தில் நின்று நிதானமாக மூச்சு விடுவாய். அதனால் உன் விற்பனை எப்போதும் கடைசி வரிசையில்தான் இருக்கும். டிவிக்காரன் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்களே, இந்த ஜனங்களுக்கு அறிவு வேண்டாமா என்று நான் எரிந்து விழுவேன். என் வாய் உனக்குத் தெரியும். நீ ஒருநாளும் அவர்களை விட்டுக்கொடுத்ததில்லை. "நல்லதா ஒண்ணு கட்டிக்கணும்னு ஆசை. அது தப்பா?" என்பாய்.

அந்தத் தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி கூப்பிட்ட அன்று, போன் என் பக்கம் வராமல் உன் பக்கம் வந்தது அவர் அதிர்ஷ்டம். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தங்க வாட்ச்சே போடுகிறேன் என்று சம்பந்திகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, அதை எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெரியாமல் இருந்தவர், டிவியில் நம் வாட்ச்சைப் பார்த்திருக்கிறார். கடவுளே வழிகாட்டிய மாதிரி இருந்ததாம். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நான் என் போனை ஓரமாய் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

நீ வழக்கம்போல நிறத்தில் நின்றாய். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தங்கம் தங்க நெறத்துலதான இருக்கும், வேற எந்த நெறத்துல இருக்கும்?" என்று உன்னையே திருப்பிக் கேட்டார். அவசரத்தில் உன் வாயில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"நக்கோண்ணா."

"நக்கோவா? அது இதவிட ஒசத்தியா? அப்பம் அதையே ஒண்ணு அனுப்பிருங்க."

நான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் டிரம் பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது நீ சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, சொந்த அண்ணனிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தாய். நக்கோ என்றால் எங்கள் ஊரில் வேண்டாம் என்று அர்த்தம் அண்ணா, இது வெறும் தகரத்தில் பூசிய பூச்சு, வேர்வை பட்டால் கறுத்துப் போகும், தெரிந்த கடையில் கண்ணால் பார்த்து நல்ல ஸ்டீல் வாட்ச் ஒன்று வாங்குங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது: "மாப்பிள்ளை கையில கறுத்துப் போச்சுன்னா, காலத்துக்கும் பேச்சு கேக்கப்போறது உங்க பொண்ணுண்ணா."

நாம் பேசுவதெல்லாம் பதிவாகிறது என்பது உனக்குத் தெரியாதா? தெரியும். உன் வீட்டுக்காரர் முதுகொடிந்து படுக்கையில் கிடந்த காலம் அது. உன் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. இந்த வேலை போனால் என்ன ஆகும் என்று உன்னைவிட நான் அதிகம் பயந்தேன்.

நம் டீம் லீடர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பதிவின் முதல் பகுதியை மட்டும் கேட்டுவிட்டு ஹாலுக்கு வந்து, நக்கோ என்று நம்மிடம் எந்த வாட்ச்சும் இல்லையே, போட்டிக் கம்பெனிச் சரக்கா என்று உன்னிடம் விசாரித்தான். ஹிந்தி வரிசையில் ஒருத்தி மேசையில் தலைகுப்புற விழுந்து சிரித்தாள். பாவம், அவன் முகம் சிவந்து உள்ளே போய் மீதியையும் கேட்டுவிட்டு வந்தான். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. அவனையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கைக்குழந்தைக்காரன், மேலிருந்து அவன் கழுத்தில் கத்தி வைத்திருந்தார்கள். அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லி ஆர்டரை முடிக்க வேண்டும், ஸ்பீக்கரில் போடு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றான். இல்லாவிட்டால் அவனால் ஒன்றும் செய்ய முடியாதாம்.

நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "வித்துத் தொலைட்டி, வேல போயிரும்" என்றேன். நீ என் கையை மெல்ல எடுத்துவிட்டாய்.

நம்பரைப் போட்டாய். எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் வாசித்தாய். நம் மேசையில் எல்லோருக்கும் கம்பெனி வைத்த ஒரே பெயர்தானே, பிரியா பேசுகிறேன் என்று ஆரம்பித்து, முன்பு சொன்னதற்கு மன்னிக்கவும், சுவிஸ் பாணி, தங்க நிறம், இன்று மட்டும் என்று வரிசையாக வாசித்தாய். உன் குரலில் உயிரே இல்லை. அந்த ஆள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"பக்கத்துல யாரும் நிக்காகளாம்மா?" என்றார்.

நீ எழுதிக் கொடுத்ததையே மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாய்.

"சரிம்மா. எனக்கு நக்கோ" என்றார். பிறகு, "ஒன் வேலைக்கு ஒண்ணும் வந்திராதுல்லா?" என்று கேட்டார்.

வராதுண்ணா என்று நீ சொன்னாய். ஆனால் வந்தது. அந்த மாதக் கடைசியில், விற்பனை போதவில்லை என்ற காரணம் சொல்லி உன்னை அனுப்பிவிட்டார்கள். டீம் லீடர் தன் கையால் தர மனமில்லாமல் அந்தக் கவரை என்னிடம் கொடுத்துக் கொடுக்கச் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். நீயே போய் வாங்கிக்கொண்டு, அவன் குழந்தைக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்துவிட்டு வந்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்படி ஒரு பிறவியா என்று உன்னைத்தான் திட்டினேன்.

உனக்குப் புடவைக் கடையில் வேலை கிடைத்த பிறகுதான் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கியது. அங்கேயும் நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, இது சாயம் போகும் என்று சொல்லிச் சொல்லித்தான் புடவையை விரித்தாய். முதலாளிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் பிழைத்தாய்.

அங்கே வைத்துத்தான் அண்ணாச்சி வீட்டுக் கல்யாண அழைப்பிதழை உன்னிடம் கொடுத்தேன். அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டபோது போனை எடுத்தது நான். பிரியா வேண்டும் என்றார். நான்தான் பிரியா என்றேன். "நீ இல்ல, நக்கோன்னு சொன்ன பிரியா" என்றார். ஸ்டீல் வாட்ச்சே வாங்கிவிட்டாராம். வாக்குத் தவறிவிட்டது என்று சம்பந்தியிடம் போய் நேராகச் சொன்னாராம். அவர்கள் கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மாப்பிள்ளையே எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்றதும் இறங்கி வந்துவிட்டார்களாம். பத்திரிகை அனுப்ப முகவரி கேட்டார், என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். மஞ்சள் தடவிய உறையின் மேல் 'திருமதி பிரியா குடும்பத்தாருக்கு' என்று எழுதி வந்தது.

நீ அதை வாசித்துவிட்டு முதலில் சிரித்தாய். அப்புறம் பட்டு அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். வேலை போனபோதுகூட அழாதவள் அன்று அழுதாய். ஏன் என்று கேட்டதற்கு முகத்தைத் துடைத்தபடி சொன்னாய்: "எம் சொந்தப் பேரை நான் சொல்லியிருக்கலாம், அவர்கிட்ட."

கல்யாணத்துக்கு நீ போகவில்லை. அவ்வளவு தூரம் போகிற நிலைமையும் இல்லை. அப்புறம் வந்த வருஷங்களில் உன் பிள்ளைகள் தலையெடுத்தார்கள், என் மகளுக்கு வேலை கிடைத்து நாங்கள் நகரத்தின் மறுகோடிக்கு, கொண்டாப்பூர் வந்தோம், நாம் பார்த்துக்கொள்வதும் குறைந்தது. நீ ஆசுபத்திரியில் கிடந்தபோது ஓடி வந்தேன். டாக்டர் உண்மையைச் சொல்லமாட்டேன் என்கிறார், நீயாவது சொல்லு திருநெல்வேலி என்றாய். நான் சொல்லவில்லை. உன் அளவுக்கு எனக்குத் தைரியம் ஏது? உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு இப்போதும் ஹெட்செட்தான் பிழைப்பு. மருத்துவக் காப்பீடு விற்கிற ஒரு கம்பெனிக்காக, வீட்டில் இருந்தபடியே தமிழில் பேசுகிறேன். இன்று மத்தியானம் ஒரு அம்மா கூப்பிட்டாள், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். இன்றைக்குப் பணம் கட்டினால் அடுத்த வாரம் வைத்தியம் பார்த்துவிடலாம்தானே என்று கேட்டாள். சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்து பேசுகிறாள். எழுதிக் கொடுத்ததில் 'எல்லா நோய்களுக்கும் பாதுகாப்பு' என்று முதலில் வரும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது கடைசியில், வேகமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் வரும்.

வாசிக்க ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன். இது உங்களுக்கு இப்போது உதவாது அம்மா, போய் முதலில் சங்கிலியைத் திருப்புங்கள், அரசாங்கக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு பெரியாசுபத்திரிக்குப் போய்க் கேளுங்கள் என்று சொன்னேன். எப்படிப் போக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இதுவும் பதிவாகும், நாளைக்குக் கேட்பார்கள். பழக்கதோஷத்தில், நீ உட்கார்ந்திருக்கும் வலப்பக்கம் திரும்பினேன். அங்கே வாஷிங் மெஷின் இருந்தது. நீ இல்லை என்பது சாவு வீட்டில்கூட எனக்கு இப்படி உறைக்கவில்லை.

"இவ்வளவு சொன்னியே, ஒன் பேரு என்னம்மா? சாமி கும்பிடுதப்ப சொல்லிக்கிடுதேன்" என்றாள் அந்த அம்மா.

உன் பெயரைச் சொன்னேன். பிரியா என்று இல்லை. உன் அம்மா உனக்கு வைத்த பெயரை.