கனி தின்ற உப்பு

மண்ணூர்,
4.8.2013

அன்புள்ள அம்மாவுக்கு இசக்கிசெல்வி எழுதுவது. இங்கு நானும் மாமாவும் பிள்ளை கனியும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சென்னையில் கொடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கனிக்கு வலிப்பு வருவது, நாலு வயதாகியும் தள்ளாடி நடப்பது, காது மந்தம் எல்லாம் ஒரே நோயாம். மூளையில் நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் செல்களில் பொட்டாசியம் போய்வர ஒரு வாசல் உண்டாம். அந்த வாசலைக் கட்டும் ஜீனுக்கு கேசிஎன்ஜே பத்து என்று பெயர். அதில் பிழை. காதிலும் சிறுநீரகத்திலும் அதே வாசல்தானாம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அழுகை வரவில்லை. மாமா அன்றைக்கும் ஒரகடம் கம்பெனிக்கு செகண்ட் ஷிப்ட் போனார்.

கனி ஜாடியில் கைவிட்டு உப்பை அள்ளித் தின்பாள் அல்லவா. வீட்டுக்காரம்மா மீனம்மாள், "இன்னாம்மா, கொயந்த உப்ப இப்டி துன்னுது, ரத்தம் சுண்டிப்பூடும்" என்றார். நீயும் போனில், "ரத்தம் சுண்டிரும்ட்டி, குடுக்காத" என்றாய். ஜாடியைப் பரணில் வைத்தேன். ஒருநாள் கரண்டியால் கையில் அடித்தேன், வீங்கிவிட்டது. அவள் உடம்பில் உப்பு நிற்காமல் சிறுநீரில் போய்க்கொண்டிருந்ததாம். பிள்ளை தனக்கு வேண்டியதைத்தான் தேடியிருக்கிறாள். இப்போது டாக்டரே உப்பு கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கப் போனால் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள்.

அம்மா, இந்தப் பிழை மாமாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. தனியாக இருந்தால் ஒன்றும் செய்யாதாம். இரண்டும் சேர்ந்து கனிக்கு வந்துவிட்டது. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று உன் தம்பியையே எனக்குக் கட்டிவைத்தாய். உன்மேல் கோபம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வருகிற ஆவணியில் உன் சின்னத் தம்பி மகாராஜாவுக்கும் நம் பேச்சிக்கும் கல்யாணம். அவர்களிடமும் இது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரை கல்யாணத்தை நிறுத்தி வை. பத்திரிகை கொடுத்தாயிற்று, ஊர் சிரிக்கும் என்பாய். சிரிக்கட்டும். ஊர் வந்து கனியைக் கைப்பிடித்து நடத்தப்போவதில்லை.

உனக்கு எழுத்துத் தெரியாது. இதைப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பது பேச்சிதான்.

பேச்சி, அம்மா போதும் என்றாலும் நிறுத்தாதே. ஒரு வரி விடாமல் படி. படித்து முடித்ததும் ரத்தம் பார்க்க சின்ன மாமாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. உன் பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும்.

உன் அக்கா,
இசக்கிசெல்வி