பெரிய மானிட்டரும் சாட்சிக் கார்டும்: சேலாற்று மதகுக்குச் சென்ற ஓலை

வான் பொய்யாதிருக்க. சேலாறு வற்றாதிருக்க. மருதவெளி நாட்டு மண்ணின் ஈரம் காயாதிருக்க.

தெற்கெல்லை மதகுக் கோட்டத்து நாயகரும், அரசியார்க்குத் தாய்மாமனும், சொல் வரும்வரை மதகுப் பலகையைத் தூக்கேன் என்று அதனருகிலேயே பாய் விரித்துக் காத்திருப்பவருமாகிய பெருங்கோடனார் திருமுன், பேரமைச்சர் மங்கலநங்கை எழுதுவித்த ஓலை. உம் வீட்டாரும், காவலரும், வாடிய நாற்றோடு உம் முகத்தைப் பார்த்து நிற்கும் உழவரும் நலமுற்றிருக்க.

செய்தி நல்லதே, பதற வேண்டா. ஆயினும் நடந்ததை நடந்தபடி கேட்டால்தான் உமக்கு மனம் ஆறும் என்பது தெரிந்த கதையாதலால், அவரவர் பேச்சு அவரவர் வாய்மொழியாகவே இங்குப் பொறிக்கப்பட்டது.

சேலாற்று நீர் இவ்வாண்டு முதலில் யார் வயலுக்கு என்பதைக் குருதி சிந்தாமல், கணினியில் வில்லெய்து ஆடும் திரைப்போரில் தீர்த்துக்கொள்வதென்றும், அப்போரை இரு நாட்டு மக்களும் தத்தம் ஊர்ச் சதுக்கத்தில் காணவேண்டும், மக்கள் காணாத வெற்றி செல்லாது என்றும் நமக்கும் கற்குன்ற நாட்டுக்கும் உடன்படிக்கை இருப்பதை நீர் அறிவீர். அதற்காகவே அரசி நக்கண்ணியார் ஆடும் கணினியிலிருந்து ஒரு கேபிள் அவர் மானிட்டருக்கும், மற்றொன்று காட்சியைப் பிடித்துச் சதுக்கத்துக்கு அனுப்பும் காப்சர் கார்டுக்கும் செல்கிறது. அந்தக் கார்டுக்கு நம் அரண்மனையில் பெயரே சாட்சி. அரசி காண்பதையே சாட்சியும் காணவேண்டும் என்பது நம் முன்னோர் வைத்த வழக்கம்.

இவ்வாண்டு அரசியார்க்கு, நுண்புள்ளிகள் மிகுந்து துல்லியமாகக் காட்டும் புதிய ஃபோர்-கே மானிட்டர் வந்தது. திரைப்பண்டாரம் காக்கும் மாறோக்கனார், வழக்கம் வழுவலாகாதென்று, மானிட்டரும் சாட்சியும் ஒன்றுக்கொன்று நகலாக நிற்கும்படி கணினியில் அமைத்தார். அங்கேதான் வந்தது வினை.

மூன்று ஆட்டங்களுள் முதல் ஆட்டத்தில், எதிர்க்குன்றின் மேல் நின்ற கற்குன்ற அரசரின் வில்லாளி நம் அரசியார் கண்ணுக்கு வெறும் கறையாகத் தெரிந்தான். எய்த அம்பு பாறையில் முட்டி விழுந்தது. ஆட்டம் போயிற்று. நம் அவையில் அமர்ந்திருந்த அவர்கள் தூதர் விடங்கனார் விடுவாரா?

"பாறை உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணிச்சு? புதுத் திரை வாங்கியாச்சுன்னாங்க, வாங்கினது திரைச்சீலையோ?"

அரசியார் சிரிக்கவில்லை. திரையைத் துடைத்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி திரையைத் துடைத்தார். தம் தாயார்க்கு இந்த வயதில்தான் பார்வை மங்கியது என்னும் நினைவு அவர் நெஞ்சைக் கவ்விற்று. தம் கண் போனால் போகட்டும், அதனோடு ஊர்த் தண்ணீரும் போகிறதே என்று உள்ளுக்குள் துடித்ததாகப் பின்னர் சொன்னார். அந்தத் துடிப்பில் எழுந்தவர் காலில் ஒரு கேபிள் இடறிக் கழன்றது. திரை ஒருமுறை இருண்டு மீண்டது. மீண்டதோ வேறு திரை!

"மாறோக்கரே, மீசை தெரியுது! அவன் மீசையே தெரியுதய்யா!"

"தாயே, சாட்சி கேபிள் கழண்டு போச்சு."

"அது கழண்டதும் எனக்குக் கண்ணு வந்துச்சே, எப்படி?"

மாறோக்கனார் தலையில் அடித்துக்கொண்டார். "நகல்னு வெச்சா ரெண்டும் ஒரே அளவுல நிக்கணும். கார்டால ஃபோர்-கே அளவுக்கு உசர முடியாது, அதனால மானிட்டர் குனிஞ்சு நின்னுருக்கு. உங்க கண்ணைக் கட்டினது நான்தான். ரெண்டையும் தனித்தனித் திரையா வெச்சிடறேன் தாயே. மானிட்டர் தன் முழு அளவுல நிமிரட்டும். அதுல ஓடறதைச் சுருக்கிச் சாட்சித் திரையில விட்டுடறேன்."

விடங்கனார் துள்ளி எழுந்தார். "அரசிக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா? உங்க வழக்கம் எங்கே போச்சு?"

இவ்வோலை எழுதுவிக்கும் அமைச்சர் வாளா இருப்பதெப்படி? "தேரோட்டத்துல கிட்ட நிக்கிறவனுக்கு வடம் தெரியும், எட்ட நிக்கிறவனுக்குக் கொடி தெரியும். அதுக்காகத் தேரு ரெண்டாயிடுமா, விடங்கரே?" என்று கேட்கப்பட்டது.

தூதர் குரலைத் தாழ்த்தி, "எங்க ராசாவும் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கார். அவருக்கும் மங்கலாத்தான் தெரியுதாம். வெளியே சொல்ல வெட்கம்" என்றார்.

அவர்க்கு வழி சொல்லலாகாது என்று அமைச்சர் கண் காட்டினார். அரசியார் கண்டுகொண்டார்.

"கண்ணைக் காட்டாதீங்க மங்கலம்மா. எதிராளி தட்டுத் தடுமாறறப்ப ஜெயிச்சு வாங்கற தண்ணி நமக்கு வேணாம். மாறோக்கரே, அவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க."

சொல்லப்பட்டது. இரு நாட்டிலும் மானிட்டர்கள் நிமிர்ந்தன, சாட்சிகள் தத்தம் அளவில் கண் விழித்தன. இரண்டாம் ஆட்டம் நமக்கானது. மூன்றாம் ஆட்டத்தில் அவர்கள் வில்லாளி புதருக்குள் பதுங்கினான். இலைகளுக்கிடையே நாண் நுனி ஒரு மயிரிழை மின்னியதை அரசியார் கண்டார். எய்தார். சதுக்கத்தில் எழுந்த கூச்சலில் அரண்மனைப் புறாக்கள் அனைத்தும் பறந்தன. இந்தக் கிழவி எழுந்து ஆடியதை எவரேனும் வந்து சொன்னால் நம்ப வேண்டா.

கற்குன்ற அரசர் தூதர் வழியே சொல்லியனுப்பியது இது: "தோத்தது உண்டு. இவ்வளவு தெளிவாத் தோத்தது இன்னிக்குத்தான்."

ஆதலின் பெருங்கோடனாரே, இது அரசியார் ஆணை: தண்ணீர் முதலில் நம் நாற்றங்காலுக்கு. நம் வயல் நனைந்ததும் அதே நாளில் கற்குன்றத்துக்கு வாய்க்காலைத் திருப்புக. அரச முத்திரையைக் கண்டதும் இரு கையால் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்வது உம் வழக்கம். இன்று அதை ஒத்திவையும். முதலில் பலகையைத் தூக்கும். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டபின் ஒற்றிக்கொள்ளலாம்.

நாரை முத்திரை இடப்பட்டது. ஓடுக சேலாறு.