மஞ்சள் பூசிய முகம்

அக்கா,

காரியத்துக்கு உன் படம் வேண்டும் என்றார்கள். பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் கிடந்தது உன் ஒரே படம், கறுப்பு வெள்ளையில். சிவப்புச் சேலை கறுப்பாக, நீல ரவிக்கை வெளுத்து, முகம் கரி அப்பியதுபோல. அழுகை வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்ரீமுஷ்ணத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்தது. ஜங்ஷன் பக்கத்து ஸ்டுடியோவுக்குக் கிளம்பும்போது அம்மா உன் முகத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். "இன்னும் கொஞ்சம் பூசுனா பளிச்சின்னு வுழும்டி."

"போதும்மா, மாரியம்மன்னு நெனச்சி கும்புட்டுறப் போறாங்க" என்று சிரித்தாய்.

மஞ்சள் படத்தில் எப்படி விழும் என்று படம் எடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. இனியும் மாட்டேன்.

படம் திரும்பி வந்தது. "பொண்ணு கறுப்பா இருக்குதாம்" என்றார் தரகர், கூரையைப் பார்த்தபடி. வேறு படம் எடுக்கலாம் என்றார் அப்பா.

"வேணும்னா பஸ் ஏறி வந்து பாக்கட்டும். நான் இனிமே போயி உக்கார மாட்டேன்" என்றாய். அவர்கள் வரவில்லை. பின்னால் கேட்டவர்களுக்கும் நீ படம் தரவில்லை. பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். கல்யாணப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

பல வருஷம் கழித்து, பழைய போட்டோ புத்தகம் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து பிலிமுக்கு நீலம் நன்றாகத் தெரியும், வெளுப்பாக விழும். மஞ்சள் சரியாகத் தெரியாது. சிவப்பு தெரியவே தெரியாது. அதன் கண்ணுக்குப் படாததெல்லாம் படத்தில் கறுப்பு. ஓடிவந்து சொன்னேன். களிமண் காய்ந்த கையைக் கழுவிக்கொண்டே கேட்டாய்:

"சரிடா, பிலிமுக்குக் கண்ணு தெரியல. நான் கறுப்பாவே இருந்தாத்தான் என்னா?"

நான் மறுபடியும் பிலிமைப் பற்றியே பேசினேன். நீ கறுப்பில்லை, பிலிம்தான் தப்பு, அதுதான் என் வழக்கு. சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் வாதாடினேன்.

இன்று போட்டோக் கடையில், கம்ப்யூட்டரில் கலர் போட்டுத் தரும் பெண் கேட்டாள். "அவங்க நெசத்துல என்னா கலரு தாத்தா?"

பிலிமைப் பற்றிச் சொன்னேன். மஞ்சளைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அது சரிங்க தாத்தா. அவங்க கலரு?"

யோசித்துப் பார்த்தேன். இந்தப் படத்தின் முகம்தான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை, அக்கா.

"அப்படியே பெருசா போட்டுக் குடும்மா" என்றேன்.